தெரிந்த சொல்லால் தெரியாத சொல்

மாலை நேர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறவன் நான். போர்டில் நான் அதிகம் எழுதுவது இலக்கணம் அல்ல, மீனிங்தான். புதுச் சொல் ஒன்றைச் சொன்ன உடனே "சார், மீனிங்?" என்று குரல் வந்துவிடும். துணிக்கடையில் பில் போடும் பெண்ணாகட்டும், நர்சிங் முடித்து வெளிநாட்டு வேலைக்குக் காத்திருப்பவராகட்டும், டிப்ளமா பையன்களாகட்டும், எல்லோரும் எதிர்பார்ப்பது ஒற்றைத் தமிழ்ச் சொல். அதை நோட்டில் எழுதிக்கொண்டால் வேலை முடிந்தது. அந்தத் தமிழ்ச் சொல்லைக் கொடுத்துவிடுவதா, எளிய ஆங்கிலத்தில் ஒரு வரி விளக்கம் எழுதுவதா? தினமும் நான் முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது.

பொருள்களின் பெயர் என்றால் யோசிக்கவே மாட்டேன். லிவர் என்றால் கல்லீரல், சின்னமன் என்றால் பட்டை. இவற்றை ஆங்கிலத்தில் விளக்குவது வெட்டி வேலை. வகுப்பில் தமிழே கூடாது என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் மனநிலையையும் செயலையும் குறிக்கும் சொற்கள் இப்படிச் சுலபமாக அடங்குவதில்லை. 'ரிலக்டன்ட்' என்பதற்குத் 'தயக்கம்' என்று எழுதிப்போட்டால் கூச்சத்தால் தயங்குவது, பயத்தால் தயங்குவது, முடிவெடுக்கத் தெரியாமல் தயங்குவது எல்லாம் அதற்குள் வந்து நிற்கும். "அந்த வேலையைச் செய்ய மனமில்லை, அதனால் செய்யாமல் இருக்கலாம், செய்தாலும் வேண்டாவெறுப்பாகச் செய்யலாம்" என்பதை ஐந்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் எழுதிவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

எளிய ஆங்கிலத்தில் பொருள் சொல்லும் அகராதிகளுக்கு வழி போட்டவர்கள் வகுப்பறையில் நின்ற வாத்தியார்கள், அதுவும் இங்கிலாந்துக்கு வெளியே. மைக்கேல் வெஸ்ட் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்தியவர். வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் திணறுவதைப் பார்த்து, எந்தெந்தச் சொற்கள் முதலில் வேண்டும் என்று கணக்கெடுக்கத் தொடங்கினார். 1935இல் வெளிவந்த அவருடைய அகராதி 1,490 சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றுக்கும் பொருள் சொன்னது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பியின் அகராதி 1942இல் டோக்கியோவில் அச்சாயிற்று. பிறகு அதை ஆக்ஸ்ஃபோர்டு எடுத்து வெளியிட்டது. 1978இல் வந்த லாங்மேன் அகராதியும் சுமார் 2,000 சொற்களுக்குள் நின்றே விளக்கம் எழுதியது.

விளக்கத்தில் வரும் சொல், விளக்கப்படும் சொல்லைவிட எளிதாக இருக்க வேண்டும் என்பது முதல் விதி. சொல்லும்போது சாதாரணம், எழுதும்போது கழுத்தைப் பிடிக்கும். 1755இல் அகராதி போட்ட சாமுவேல் ஜான்சனே இதில் சறுக்கியிருக்கிறார். சாதாரண வலைப்பின்னலுக்கு அவர் எழுதிய விளக்கத்தைப் புரிந்துகொள்ள இன்னொரு அகராதி தேவைப்படும்.

எளிய சொல்லாகப் போட்டுவிட்டாலும் ஆபத்து தீராது. 'குவிட்' என்பதற்கு 'கிவ் அப்' என்று எழுதுகிறோம். கிவ் தெரியும், அப் தெரியும். இரண்டும் சேர்ந்தால் கைவிடுவது என்று ஆகும் என்பது மாணவருக்குத் தெரியாது. 'மேலே கொடு' என்று நோட்டில் எழுதிவைப்பார். இரண்டாயிரம் சொற்களுக்குள் நிற்கிறேன் என்று சொல்லிக்கொண்டு இந்த மாதிரிச் சொற்சேர்க்கைகளை விளக்கத்துக்குள் நுழைத்துவிடுவது அகராதிக்காரர்கள் மீதும் சொல்லப்பட்ட குறைதான். அதனால் எழுதிய வரியில் இப்படி ஒரு ஜோடி இருந்தால் அழித்துவிட்டு 'ஸ்டாப் டூயிங்' என்று மாற்றுவேன்.

அடுத்தது, சொல் புகழ்கிறதா பழிக்கிறதா என்பது. 'ஃப்ரூகல்', 'ஸ்டிஞ்ஜி' இரண்டுக்கும் "பணம் அதிகம் செலவழிக்காதவர்" என்று எழுதினால் தப்பில்லை என்றே தோன்றும். ஆனால் ஒன்று சிக்கனம், மற்றது கஞ்சத்தனம். வேலை கொடுப்பவரைப் பற்றி அவர் எதிரிலேயே பேச வேண்டி வந்தால் இந்த வேறுபாடு வேலையையே காவு வாங்கிவிடும்.

சொல் எதோடு சேர்ந்து புழங்குகிறது என்பதையும் விளக்கம் காட்ட வேண்டும். 'காஸ்' என்பதற்கு "ஒன்றை நிகழச் செய்வது" என்பதுதான் வழக்கமான விளக்கம். இதைப் படித்த மாணவி ஒருவர், தன் அம்மாவின் ஆசீர்வாதம் தன் வெற்றியைக் 'காஸ்' செய்தது என்று வாக்கியம் அமைத்தார். "இலக்கணம் சரியா இருக்கே சார், அப்புறம் எங்க தப்பு?" என்று கேட்டார். இலக்கணத்தில் தப்பில்லைதான். ஆனால் ஆங்கிலத்தில் 'காஸ்' பெரும்பாலும் விபத்து, சேதம், வலி, தொல்லை இவற்றோடுதான் வரும். விளக்கத்தில் "பெரும்பாலும் கெட்டதை" என்று சேர்த்திருந்தால் அந்த அம்மா தப்பித்திருப்பார். புழக்கத்தில் உள்ள ஆங்கிலத்தைக் கணினியில் கோடிக்கணக்கான சொற்களாகத் திரட்டிப் பார்த்த பிறகுதான் இது போன்ற போக்குகள் துலங்கின. பர்மிங்ஹாமில் ஜான் சின்க்ளேர் தலைமையில் 1987இல் வந்த கோபில்ட் அகராதி அந்தத் திரட்டிலிருந்து பிறந்தது. சொல்லை முழு வாக்கியத்தில் வைத்தே பொருள் சொல்லும் அதன் முறையைத்தான் நானும் போர்டில் பின்பற்றுகிறேன்.

தொடர்களுக்கு வந்தால், பொருளைவிடச் சமயம்தான் முக்கியம். யார், யாரிடம், எப்போது சொல்வது என்று எழுதாத விளக்கம் பாதி விளக்கம். நம் ஊர் விண்ணப்பங்களில் 'வித் டியூ ரெஸ்பெக்ட்' என்று தொடங்கும் பழக்கம் இருக்கிறது. இதன் நடுவே 'ஆல்' சேர்ந்து 'வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்' என்று ஆகிவிட்டால் அது வரப்போகும் மறுப்புக்கு முன்னறிவிப்பு. "உரிய மரியாதையுடன்" என்று மட்டும் படித்துவிட்டுப் போகிற நர்ஸ், நேர்காணலில் பணிவு காட்ட நினைத்து இதைச் சொன்னால், எதிரில் இருப்பவர் சண்டைக்குத் தயாராகிவிடுவார். ஆகவே நான் போர்டில் எழுதுவது இதுதான்: "ஒருவர் சொன்னதை ஏற்கவில்லை என்று சொல்வதற்கு முன் இதைச் சொல்கிறோம்."

எழுதிய விளக்கம் தேறுமா என்று பார்க்க, சொல்லை எடுத்துவிட்டு அதே இடத்தில் விளக்கத்தை வைத்து வாக்கியத்தை வாசிக்கச் சொல்வேன். ஓடினால் வைத்துக்கொள்ளலாம். தட்டினால் எங்கே தட்டுகிறது என்று வகுப்பே சேர்ந்து பார்க்கும். இன்னொருவரிடம் விளக்கத்தை மட்டும் படித்துக்காட்டி, எந்தச் சொல் என்று கேட்பதும் உண்டு. அவர் வேறு சொல்லைச் சொன்னால் விளக்கம் இன்னும் தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம்.

சொந்தமாகப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நீளமான சொற்பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். மாணவர்களுக்கென்று போட்ட ஆங்கில-ஆங்கில அகராதி ஒன்றை வாங்குங்கள். அதில் உள்ள விளக்கத்தைப் படித்தபின் புத்தகத்தை மூடிவிட்டு, உங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நீங்களே ஒரு விளக்கம் எழுதுங்கள். கீழே உங்கள் வீட்டைப் பற்றியோ வேலையைப் பற்றியோ ஒரு வாக்கியம் எழுதுங்கள். ஒரு நாளைக்கு மூன்று சொல் போதும். எழுத வராத சொல் எதுவோ, அது உங்களுக்கு இன்னும் தெரியாத சொல்.