எங்கள் இலத்தீன் சிஸ்டர்

இவ்வாண்டு தவக்காலத்தில் எங்கள் இலத்தீன் சிஸ்டர் இறைவனடி சேர்ந்தார்கள். இலத்தீன் எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. அதற்குத் தேர்வும் இல்லை. ஆயினும் பாடகர் குழுவைச் சேர்ந்த நாங்கள் ஒன்பது பேர் சனிக்கிழமைதோறும் அவர்கள் முன் அமர்ந்தோம். "பொருள் தெரியாமல் பாடினால் அது கிளிப்பிள்ளைப் பாட்டு" என்பார்கள்.

அவர்கள் மடத்தில் சேர்ந்த காலத்தில் திருப்பலி இலத்தீனில்தான் நடந்தது. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கு வழி திறந்தது. "தமிழில் செபிப்பது பெரும் பேறு. அதற்காகப் பாட்டியை மறக்கலாமா?" என்று சிரிப்பார்கள்.

தமிழ் இலக்கணத்தைக் கொண்டே கற்பித்தார்கள். நமக்கு வேற்றுமை எட்டு, இலத்தீனுக்கு ஆறு. 'ரோசா' என்றால் ரோஜா. 'ரோசம்' என்றால் ரோஜாவை. நாங்கள் சிரித்துவிட்டோம். "உங்களுக்கெல்லாம் அது கொஞ்சம் அதிகம்தான்" என்று அவர்களும் சிரித்தார்கள். "நம் 'ஐ' உருபின் வேலையை அங்கே 'ம்' செய்கிறது" என்றார்கள். வீரமாமுனிவர் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்ததைச் சொல்லும்போது அவர்கள் முகம் மலரும்.

அடக்கத் திருப்பலியில் நாங்கள்தான் 'ரெக்வியெம்' பாடினோம். அந்தச் சொல்லின் ஈற்றிலும் அதே 'ம்'. இளைப்பாற்றியை என்று பொருள். அதை யாருக்காகக் கேட்கிறோம் என்பது புரிந்ததும் தொண்டை அடைத்தது. புரிந்ததனாலேயே பாட்டை நிறுத்தவும் மனம் வரவில்லை.

அவர்கள் கைப்பட எழுதிய நோட்டுப் புத்தகத்தைத் தலைமையாசிரியை சிஸ்டர் எங்களிடம் தந்தார்கள். எட்டாம் வகுப்புத் தங்கையருக்கு அதன் முதற்பக்கத்திலிருந்து சொல்லித்தரத் தொடங்கியிருக்கிறோம். 'ரோசம்' என்றதும் அவர்களும் சிரித்தார்கள்.

இறைவன் எங்கள் சிஸ்டருக்கு நித்திய இளைப்பாற்றி அருள்வாராக!

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு