பேயின் வயிற்றில் மின்குமிழ்

ஏற்காட்டுச் சாலையிலே, காப்பித் தோட்ட மாளிகையொன்றின் சாளரத்தில், பனி சூழ்ந்த இரவுகளில் ஆளுயர வெண்ணுருவம் ஒன்று நிற்கும். “கொள்ளிவாய்ப் பேய், ஐயா!” என்றான் நம் மாணவன். தோட்ட வேலை முடித்து அவ்வழியே திரும்பும் தாய்க்குத் துணையாகச் செல்லவும் அஞ்சினான். நகைத்தோம் நாம். ஆனால் தோழர்களே, அன்றிரவு அச்சாளரத்தைக் கண்டதும் பட்டம் பெற்ற நம் கால்களும் தயங்கின! ஏடு அறிந்தது நம் நா; இருளுக்கு அஞ்சியது நம் நெஞ்சு!

மறுநாள் சிறுவனுடன் சென்று கதவைத் தட்டினோம். வீட்டுக்குரிய முதியவர் உருவத்தைத் திறந்து காட்டினார். மூங்கில் கீற்று, முசுக்கட்டை இனத்து மரப்பட்டை நாரில் செய்த காகிதம், நடுவிலே மின்குமிழ். இவ்வளவே பேய்!

சப்பானியத் தந்தைக்கும் அமெரிக்கத் தாய்க்கும் பிறந்த சிற்பி இசாமு நொகுச்சி, 1951இல் கிஃபு நகரிலே படைக்கத் தொடங்கிய ‘அகாரி’ விளக்குகளுள் ஒன்று அது. அகாரி என்றால் ஒளி. இறந்தோர் ஆவியை வரவேற்கும் விழாவுக்கென அந்நகரத்தார் செய்துவந்த காகித விளக்குக் கலையை, வாழ்வோர் வீட்டுக்கு வெளிச்சமாக்கினார் அவர். ஆவிக்கு ஏற்றியது அங்கே அறைக்கு வந்தது. அறையில் இருந்ததை இங்கே ஆவியாக்கினோம்!

சிறுவன் பொத்தானை அழுத்தினான், ஒளி மலர்ந்தது. “நீங்களும் பயந்தீர்களா, ஐயா?” என்றான். “ஆம்” என்றோம்.

அன்று மாலை தாயை அழைத்துவர அவன் தனியே சென்றான். திறந்து பார்க்கத் துணிந்தோம், தெளிந்தோம். திறக்கப்படாத கதவுகள் இன்னும் எத்தனை, தோழர்களே?