குடும்பிமலையில் எடுக்காத கல்

என் மேசையில் இருக்கும் அமோனைட் என்ற ஓடுள்ள கடற்பிராணியின் புதைபடிவக் கல்லை மட்டக்களப்பு மாவட்டத்துக் குடும்பிமலை அடிவாரத்தில் கண்டெடுத்ததாகக் கரடியனாற்றில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். தமிழ்நாட்டில், பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில், மழை அரித்த ஓடையில் பொறுக்கி, சாரத்துக்குள் சுற்றிக் கொண்டுவந்தது.

அறியாமல் சொன்னதும் இல்லை. எங்கள் பக்கத்துப் பாறை விஜயன் தொகுதி நைஸ். நூறு கோடி ஆண்டளவுக்கு முன் நிலத்தடியில் உருகி இறுகி, பிறகு வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது. செங்கலடி–பதுளை வீதியோரம் உடைந்து கிடப்பதைப் பார்த்தாலே வெள்ளையும் கறுப்புமாக வரி ஓடும். அது உண்டான காலத்தில் ஓடுள்ள பிராணியே உலகில் கிடையாது. இலங்கையில் புதைபடிவம் தேடுகிறவன் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல், புத்தளம் பக்கத்துத் தப்போவை போன்ற இடங்களுக்குப் போகவேண்டும். இவ்வளவும் எனக்குத் தெரியும்.

காரையின் கதை வேறு. கோண்டுவானா பிளந்தபின், சுமார் பத்துக் கோடி ஆண்டுக்கு முன், கடல் அங்கே ஏறி நின்றது. கரையை விட்டு விலகி, அலையின் ஆட்டம் எட்டாத ஆழத்தில் மென்சேறு படிந்து படிந்து களிப்பாறையானது. செத்த அமோனைட்டும் பெலம்னைட்டும் அதற்குள் அமிழ்ந்தன. இன்று அது புல்கூடச் சரியாகப் பிடிக்காத காவி மேடு. வெடிப்புகளில் ஜிப்சம் வெயிலுக்கு மினுங்கும். 1860களின் தொடக்கத்திலேயே இந்திய நிலவியல் அளவைத் துறையின் பிளான்ஃபோர்ட் அந்தப் பிரதேசத்து அடுக்குகளைப் பிரித்து எழுதிவைத்துவிட்டார்.

போர்ச் செய்தியில் மட்டுமே பேர் அடிபட்ட ஊருக்கு ஒரு பழம்பெருமை தேடிக்கொடுத்தேன் என்பது நானே எனக்குச் சொல்லும் சாட்டு. கண்டுபிடித்தவன் என்ற பேர் இனித்தது. அவ்வளவுதான்.

"எங்க சேர் எடுத்த நீங்க?" என்று கேட்ட பொடியன் ஒருவன், கல்லைப் படம்பிடித்துப் பள்ளிக்கூடக் கண்காட்சியில் வைத்தான். கீழே, மட்டக்களப்பும் ஒருகாலம் ஆழ்கடல் என்று கொட்டை எழுத்து. அப்போதாவது வாய் திறந்திருக்கலாம். "எழுத்து வடிவாயிருக்கு மகன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது அவனிடம் உண்மையைச் சொல்லிக் கல்லையும் கொடுத்துவிடலாமென்று சீட்டு எழுத உட்கார்ந்தேன். காரை என்பதற்கு மேல் பேனா ஓடவில்லை. எந்த ஓடை, எந்த அடுக்கு, பெலம்னைட் கிடந்த மட்டத்துக்கு மேலா கீழா, எதையும் அன்று குறிக்கவில்லை. அடுக்குத் தெரியாத கல்லுக்கு ஆய்வில் மதிப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.