மாயவரம் வழியாகத் தரங்கம்பாடி

தரங்கம்பாடியில் ஒரு நாளை ஓய்வாகக் கழிக்க வரும் வெளிநாட்டுப் பயணிகள் பலரும் புதுச்சேரிப் பக்கமிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்து இறங்குகிறார்கள். கோட்டை, ராஜ வீதி, சீயோன் தேவாலயம், சாயங்காலக் கடற்காற்று என்று பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, டென்மார்க்கிலிருந்து அலை கொண்டுவந்து ஒதுக்கிய துண்டுபோல ஊர் மனத்தில் பதிந்துவிடுகிறது. அது சரியான பார்வை அல்ல. தஞ்சை நெல்நாடு கடலைத் தொடும் இடங்களில் ஒன்று தரங்கம்பாடி; அதை அறிய மேற்கிலிருந்து வரவேண்டும். அப்படி வர ஒரு ரயில் பாதையே இருந்தது. மாயவரம் என்ற மயிலாடுதுறையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஓடிய மீட்டர்கேஜ் பாதை அது. 1926இல் திறந்தார்கள், 1986இல் மூடிவிட்டார்கள்.

அதன் வழியே போய்ப் பார்க்கலாம். மயிலாடுதுறையின் துலாக்கட்டத்தில் ஐப்பசி முழுக்கும் கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கும் நடக்கும் காவிரி, மன்னம்பந்தல், செம்பனார்கோயில் தாண்டினால் கிளையாகவும் வாய்க்காலாகவும் பிரிந்து வயலுக்குள் போய்விடுகிறது. இது கடைமடை. மேட்டூரில் ஜூன் 12 அன்றே திறந்தாலும் தண்ணீர் இங்கே வந்துசேர நாளாகும். ஆக்கூரில் படியேறிப் போகவேண்டிய மாடக்கோயில்; திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணமும் சதாபிஷேகமும் ஓயாத அபிராமி சன்னிதி. அடுத்து தில்லையாடி. தென்னாப்பிரிக்காவில் பிறந்து, காந்தியின் போராட்டத்தில் சிறை சென்று, 1914இல் 16 வயதில் மறைந்த வள்ளியம்மையின் பூர்விக ஊர். காந்தி 1915இல் இங்கே வந்தார். தில்லையாடியும் அடுத்த நிறுத்தமான பொறையாறும் டேனியர் ஆட்சிக்குள் இருந்த ஊர்கள். கடற்கரைச் சாலையில் வருகிறவருக்கு இந்த எல்லை கண்ணில் படாது.

கோட்டை கடலோரத்தில்தானே நிற்கிறது, வாழ்வு கப்பலை நம்பித்தானே என்று கேட்கலாம். கப்பல் வந்தது உண்மை. ஆனால் 1620இல் டேனியருக்கு இடம் கொடுத்தவர் தஞ்சை ரகுநாத நாயக்கர். பொன் ஏட்டில் அவர் டேனிஷ் மன்னருக்கு அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. 1699இல் தஞ்சைப் படை முற்றுகையிட்டபோது ஆபத்து வந்தது நிலத்தின் பக்கமிருந்து. 1792இல் எழுப்பிய நுழைவாயிலும் நிலத்தைப் பார்த்தே நிற்கிறது. 1706இல் வந்த மதபோதகர் சீகன்பால்க் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிடத் தொடங்கியதும் காகிதத் தட்டுப்பாடு வந்தது. ஆலை அமைந்தது பொறையாற்றில். கடுதாசிப்பட்டறை என்ற பெயர் அங்கே இன்னும் வழங்குகிறது. டேனியருக்கு முந்நூறு ஆண்டு முன்பே, 1306இல், பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலும் கரையில் உண்டு. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது.

சரிவையும் உள்நாடுதான் தீர்மானித்தது. 1845இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1860இல் மாவட்டத் தலைமையிடம் இங்கிருந்து தஞ்சாவூருக்கு மாறியது. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு ரயில் ஓடத் தொடங்கியதும், சரக்கு நாகைக்கே போயிற்று. தரங்கம்பாடிக்குத் தண்டவாளம் வர மேலும் 65 ஆண்டுகள் ஆயின. துறைமுகத்தைக் காப்பாற்ற அது மிகவும் பிந்திய ரயில்.

ஓய்வுக்கு வந்தவர்மேல் இத்தனை வரலாற்றை ஏற்றுவது நியாயமா என்பார்கள். நியாயம்தான் என்பேன். ஓய்வு என்பது அவசரமில்லாமல் பார்ப்பது. கோட்டையை ஒரு மணி நேரத்தில் சுற்றிவிட்டு மீதிப் பொழுதைக் கைப்பேசியில் கழிப்பவருக்கு அது வாய்ப்பதில்லை. ரயில்தான் இல்லையே என்பது இன்னும் வலுவான மறுப்பு. மீண்டும் பாதை போடச் சொல்லி இப்பகுதி மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். அந்தக் கோரிக்கை நியாயமானது. அதுவரை மயிலாடுதுறையில் பொறையாறு பேருந்தில் காலையிலேயே ஏறி, ஆக்கூரிலும் தில்லையாடியிலும் இறங்கி ஏறினாலும், மத்தியானச் சாப்பாட்டுக்குத் தரங்கம்பாடி போய்ச் சேர்ந்துவிடலாம்.