மாத்திரையின் மேல் பழி போடுமுன்

பிரஷருக்கு மாத்திரை எழுதிக் கொடுத்ததும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி, "இதைப் போட்டா வெயிட் போடுமா?" என்பதுதான். என் தங்கை மகனும் அதையேதான் கேட்டான். 35 வயது, நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற வேலை, மூன்று முறை பார்த்தும் 150/100-க்குக் கீழே இறங்காத பிரஷர். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "மாமா, ஒரு மாசம் பார்த்துட்டு ஆரம்பிக்கட்டுமா?" என்றான். அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து பார்த்ததையும் கேட்டதையும் வைத்து அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நீ கேட்டதில் தப்பில்லை, மாப்பிள்ளை. ஆனால் பிரஷர் மாத்திரை என்று ஒரே மாத்திரை கிடையாது. நாலைந்து வகை உண்டு. ஒவ்வொன்றின் குணமும் வேறு. முதலில் அட்டையைத் திருப்பிப் பெயரைப் படி.

அட்டினோலால், மெட்டோப்ரோலால், ப்ரோப்ரனலால் எல்லாம் பீட்டா பிளாக்கர் குடும்பம். எடை கூடும் என்ற பேச்சில் உண்மை இருப்பது பெரும்பாலும் இவற்றில்தான். இவை இதயத் துடிப்பைத் தணிக்கும். சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கிற கலோரியும் அதோடு கொஞ்சம் குறையும். சிலருக்கு மாடிப்படி ஏறினாலே அலுப்பு வரும், நடை குறையும். இதனால் ஏறுகிற எடை, ஆய்வுகளின்படி சராசரியாக ஒரு கிலோவும் கொஞ்சமும்தான். அதுவும் முதல் சில மாதங்களில் ஏறி, பிறகு பெரும்பாலும் நின்றுவிடும். ஒருவர் ஆறு கிலோ, ஏழு கிலோ ஏறிவிட்டு மாத்திரையைக் கைகாட்டினால், தட்டையும் கொஞ்சம் பார்க்கச் சொல்ல வேண்டும். இதே குடும்பத்தில் கார்வெடிலால், நெபிவலால் போன்றவற்றில் இந்தத் தொல்லை குறைவு. மாரடைப்பு வந்தவர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் பீட்டா பிளாக்கர் உயிர் காக்கிற மருந்து. அங்கே ஒரு கிலோவைக் கணக்குப் பார்க்கக் கூடாது.

அடுத்தது அம்லோடிபின். நம் ஊரில் பாதி வீட்டில் இருக்கும். இதைப் போடுகிற பெண்கள் ஜன்னலில் வந்து சொல்வது, "சாயங்காலமானா மெட்டி இறுக்குதுங்க, கால் பெருத்துப் போச்சு" என்று. பெருவிரலால் கணுக்காலுக்கு மேலே எலும்பின் மேல் சில நொடி அழுத்திப் பார்த்தால் குழி விழும், மெதுவாகத்தான் நிரம்பும். அது கொழுப்பு இல்லை, நீர். இந்த மருந்து சின்ன ரத்தக்குழாய்களை விரித்துவிடுவதால் நீர் வெளியே கசிந்து காலில் தேங்குகிறது. 5 மில்லிகிராமில் இருப்பதைவிட 10-இல் அதிகம். இதற்காகப் பட்டினி கிடந்து பயனில்லை. அளவைக் குறைத்தோ, டெல்மிசார்ட்டான் மாதிரி ஒன்றைச் சேர்த்தோ, மருந்தையே மாற்றியோ டாக்டர் சரிசெய்துவிடுவார்.

டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான், எனலாப்ரில் வகைகளால் எடை ஏறுவதில்லை. எனலாப்ரிலில் சிலருக்கு வறட்டு இருமல் வரும். ஆனால் கல்யாணமான பெண்பிள்ளைகள் ஒன்றை மறக்கக் கூடாது: இந்த வகை மாத்திரைகள் கர்ப்ப காலத்தில் கூடவே கூடாது. குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு விஷயம். வீட்டில் பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் ஒரே டப்பாவில்தான் கிடக்கும். கிளிமிபிரைடு, பயோகிளிட்டசோன், இன்சுலின் மூன்றும் எடையைக் கூட்டக் கூடியவை. ஸ்டீராய்டும் அப்படியே. மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பிரஷரையும் ஏற்றிவிடும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் உடம்பு போடும். குற்றவாளி ஒருவன், பழி பிரஷர் மாத்திரைக்கு.

நான் பார்த்துப் பயந்தது எடையை அல்ல, சொல்லாமல் நிறுத்துகிறவர்களை. ஒருவர் மாத்திரையை நிறுத்திவிடுவார். அடுத்த மாதம் பிரஷர் இறங்கியிருக்காது. "மாத்திரை போடறீங்களா?" என்று டாக்டர் கேட்டால் தலையாட்டிவிடுவார். டாக்டரும் பாவம், மருந்து போதவில்லை என்று அளவைக் கூட்டுவார், இன்னொன்றைச் சேர்ப்பார். ஒருநாள் மகளோ மருமகளோ அதட்டினதும் எல்லாவற்றையும் ஒழுங்காகப் போடுவார். பிரஷர் சடாரென்று இறங்கி, குளியலறையில் தலைசுற்றி விழுவார். ஆரம்பத்தில் மறைத்த ஒரு வார்த்தையில் இருந்து வந்த வினை இது. டாக்டரிடம் மட்டுமல்ல, நமக்கு வழி சொல்கிற யாரிடமும் பாதியை மறைத்தால், அவர் சொல்கிற வழியும் பாதிதான் சரியாக இருக்கும்.

பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்துவது இன்னும் மோசம். துடிப்பு எகிறும், இதய நோய் உள்ளவர்களுக்கு நெஞ்சுவலி, மாரடைப்பு வரைக்கும் போகலாம். குளோனிடின் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் பிரஷர் பழைய அளவையும் தாண்டி ஏறலாம். நிறுத்துவதென்றால் டாக்டர் சொல்லி, படிப்படியாக.

ஆகவே, கேள்வியோடு போ. கணக்கோடும் போ. வாரம் ஒருநாள் காலையில், சாப்பிடுமுன், ஒரே மெஷினில் எடை பார்த்து நோட்டில் எழுது. மாத்திரை ஆரம்பித்த தேதியையும் எழுது. பிரஷர் பார்க்க, காபி குடித்து அரைமணி போன பின், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பட, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, பேசாமல் பார். இந்த நோட்டைப் பார்த்தால் எடை ஏறியது மாத்திரைக்கு முன்பா பின்பா என்பது டாக்டருக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறி, படுத்தால் மூச்சுத் திணறினால் மட்டும் நோட்டுக்குக் காத்திருக்காதே; அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. அது இதயம் தரும் எச்சரிக்கையாக இருக்கலாம்.

எடை உன் கையில் இல்லாத விஷயமும் இல்லை. ஒரு கிலோ குறைந்தால் மேல் பிரஷர் ஏறத்தாழ ஒரு புள்ளி இறங்கும். ஒருநாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு டீஸ்பூன்கூட முழுசாக வராது. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு எல்லாம் அந்த ஸ்பூனுக்குள்தான் அடங்க வேண்டும். எடையும் உப்பும் குறைந்தால், பலருக்கு டாக்டரே மாத்திரையைக் குறைத்துவிடுவார்.

2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் வந்ததிலிருந்து தமிழ்நாட்டில் பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. மாத்திரை வீடு தேடி வரும். கேள்வியை நாம்தான் கொண்டுபோக வேண்டும். எங்கள் தலைமுறைக்கு டாக்டர் முன்னால் வாய் வராது. உனக்கு வரும். அடுத்த முறை நீ போகும்போது உன் அம்மாவின் டப்பாவையும் எடுத்துக்கொண்டு போ, மாப்பிள்ளை. அவள் கால் வீங்குகிறது என்று என்னிடம் சொன்னாள். டாக்டரிடம் சொல்லியிருக்க மாட்டாள்.