மாலுமி எனும் ஆசான்

கடலை எல்லையாகக் கண்டோர் கரையிலேயே நின்றனர். பாதையாகக் கண்டோர் பல நாடுகளை அடைந்தனர். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் முதலிய கரையூர்களில் வாழ்ந்த மரைக்காயர்கள் இரண்டாம் வகையினர். ஓடும் கப்பலை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாக எண்ணிக் காட்டும் திருமறையை ஓதியவர்கள் அவர்கள். ஈழத்துக்கும் மலாயாவுக்கும் மரக்கலம் செலுத்தியவர்களும் அவர்களே. ஆயினும், அம்மரபைப் பற்றி மேடைதோறும் பேசும் எங்களுள் பெரும்பாலோர் ஒரு துறைமுகத்தின் வாயிலைக்கூடக் கடந்ததில்லை. இந்நிலையில்தான், தூத்துக்குடியில் கப்பல் தொழில்துறையினர் நடத்திய அறிமுகச் சந்திப்புக்கு வணிகவியல் மாணவர்களோடு தமிழ்த்துறை மாணவர்களாகிய நாங்களும் அழைக்கப்பெற்றோம்.

"தமிழ் படிப்போர்க்குத் துறைமுகத்தில் என்ன வேலை?" என்று நண்பர் சிலர் நகைத்தனர். எங்கள் பேராசிரியரோ, "மாலுமி என்னும் சொல்லுக்கு அகராதியில் வேர் தேடிவிட்டுப் புறப்படுங்கள்" என்றார். தேடினோம். ஆசிரியர் என்று பொருள்படும் 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லே தமிழில் மாலுமி ஆயிற்று என்று அறிந்தோம். வழியறிந்து கலம் செலுத்துபவரை அரபியர் ஆசான் என்றே அழைத்திருக்கின்றனர். சுக்கான் அரபியிலிருந்து வந்தது. நங்கூரம் பாரசீகத்திலிருந்து வந்தது. நம் கட்டுமரமோ ஆங்கிலத்திற்குச் சென்று குடியேறியது. சரக்குகளோடு சொற்களும் கப்பலேறியிருக்கின்றன என்னும் மகிழ்ச்சியோடு புறப்பட்டோம்.

மண்டபத்தில் அம்மகிழ்ச்சி சற்றே ஒடுங்கிற்று. கப்பல் முகவர்களும், சுங்கத் தரகர்களும், ஓய்வு பெற்ற கப்பல் தலைவர்களும் தத்தம் பெயரட்டைகளை மாற்றிக்கொண்டு ஆங்கிலத்தில் அளவளாவினர். எங்களிடம் அட்டையும் இல்லை. எங்களை அறிமுகம் செய்துவைப்பாரும் இல்லை. சுவரோரம் நின்றோம்.

முகவர் ஒருவர் எங்களை அழைத்து, 'பில் ஆஃப் லேடிங்' எனும் சரக்குச் சீட்டு ஒன்றைக் காட்டினார். சரக்கைக் கப்பலில் பெற்றுக்கொண்டதற்கு அது பற்றுச்சீட்டு. ஏற்றிச் செல்லும் ஒப்பந்தத்திற்குச் சான்று. சரக்கின் மீதுள்ள உரிமைக்கும் ஆவணம். பெறுநர் பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் சரக்கு துறைமுகத்தில் தேங்க நேரிடும் என்றும், தேங்கும் நாளுக்கேற்பக் கட்டணம் ஏறும் என்றும் விளக்கினார். "எழுத்தெண்ணிப் படிப்போர்க்கு இங்கே வேலை இல்லையென்று யார் சொன்னது?" என்று அவர் தமிழிலேயே வினவியபோது எங்கள் கூச்சம் பாதி கரைந்தது.

அடுத்துப் பேசியவர், அந்நகரில் 1906ஆம் ஆண்டு வ.உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியதையும், ஹாஜி முகமது பக்கீர் சேட் இரண்டு இலட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கித் தோள்கொடுத்ததையும் நினைவூட்டினார். சமயம் கடந்த நம்பிக்கையே அந்நிறுவனத்தின் முதல் மூலதனம் என்பது எங்களுக்கு விளங்கிற்று.

வினா நேரம் வந்தது. எங்களுள் ஒருவர் எழுந்தார். அவருடைய தமையனார், கப்பல் வேலைக்கென்று தாயாரின் நகைகளை விற்று ஓர் இடைத்தரகரிடம் பணம் கட்டி, மும்பையில் ஏழு மாதங்கள் காத்திருந்து வெறுங்கையோடு ஊர் திரும்பியவர். அதனை ஒளிக்காமல் எடுத்துரைத்து, "உண்மையான நிறுவனத்தை எவ்வாறு அறிவது ஐயா?" என்று கேட்டார். மண்டபம் அமைதியாயிற்று. ஓய்வு பெற்ற கப்பல் தலைவர் ஒருவர் மேடையை விட்டு இறங்கி வந்து, அவர் அருகில் நின்று விடை கூறினார். கப்பலுக்கு ஆள் சேர்க்கும் நிறுவனம் மத்திய அரசின் கப்பல்துறைத் தலைமை இயக்ககத்திடம் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். உரிமம் பெற்றோர் பட்டியலை எவரும் இணையத்தில் காணலாம். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006இல் உருவானது. இந்தியா அதனை 2015இல் ஏற்றது. அதன்படி, வேலை பெற்றுத் தருவதற்கென்று மாலுமியிடம் கட்டணம் வாங்குதல் கூடாது. மருத்துவச் சான்று, சி.டி.சி. எனும் மாலுமிப் புத்தகம், கடவுச்சீட்டு ஆகியவற்றின் செலவு மட்டுமே அவரைச் சாரலாம்.

"இவ்வளவுதானா? இதனை முன்னரே ஒருவர் சொல்லியிருந்தால்..." என்ற நண்பர், தொடரை முடிக்காமலே அமர்ந்தார்.

அன்று இரவு பேருந்தில் அதுபற்றியே பேசிவந்தோம். முன்னாளில் கரையூர் இளைஞனுக்குக் கப்பலில் ஒரு மாமா இருந்தார். கொழும்பிலோ பினாங்கிலோ ஒரு பெரியப்பா இருந்தார். அவர்தம் கடிதமே அவனுக்குக் காவல். அத்தகைய உறவு வாய்க்காதவனே இன்று தரகரிடம் சிக்குகிறான். தொழில்துறையார் 'நெட்வொர்க்கிங்' என்று சொல்வதைச் சலுகை தேடும் சாமர்த்தியம் என்றே பலரும் கருதுகின்றனர். எங்களுக்கோ, அறிந்தவர் அறியாதவர்க்கு வழி சொல்லும் கடமையாகவும், அறியாதவர் நாணாமல் வினவும் உரிமையாகவும் அது தோன்றிற்று.

ஊர் திரும்பியதும் அவ்விதிகளை எளிய தமிழில் எழுதித் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். எங்கள் ஊர்களின் பள்ளிவாசல்களுக்கும் படியெடுத்து அனுப்பினோம். சமுதாயப் பெரியோர்களிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கப்பலில் பணியாற்றி ஓய்வு பெற்றோர் நம் கரையூர்களில் பலர் உள்ளனர். ஆண்டுக்கு ஒரு நாளேனும் அவர்கள் எங்கள் வகுப்பறைக்கு வருகை தந்து, தாம் கண்டதையும் பட்டதையும் எங்களுக்கு உரைத்திடல் வேண்டும். வருகின்ற மாலுமியை ஆசிரியரின் இருக்கையிலேயே அமர்த்துவோம். அச்சொல்லின் வேர் அவருக்கு அளித்திருக்கும் இடம் அது. வல்ல நாயன் அருள்புரிவானாக.