அரிசி தீர்ந்த இடம்

கோஹிமா

அன்புள்ள செல்வம்,

உலகப் போர் என்றாலே ஸ்டாலின்கிராடு, நார்மண்டி என்று ஓடுவாய். இந்த ஒரு கடிதத்துக்காவது கிழக்கே திரும்பு. திமாப்பூரில் ரயிலிறங்கி, ஷேர் சுமோவில் எழுபது கிலோமீட்டருக்கு மேல் மலையேறி கோஹிமா வந்திருக்கிறேன். 1944இல் இங்கே இத்தனை பேர் செத்தது இந்தச் சாலைக்காகத்தான்.

பிரிட்டிஷாரின் மாபெரும் கிடங்கு திமாப்பூரில் இருந்தது. அங்கிருந்து இம்பாலுக்குச் சரக்கு போனது கோஹிமா வழியாக. நடுவில் வெட்டிவிட்டால் இம்பாலில் இருந்த பிரிட்டிஷ் படை தவித்துப்போகும். ஜப்பானியத் தளபதி முத்தாகுச்சியின் கணக்கு அதுதான். மார்ச்சில் பர்மாவின் சிந்த்வின் ஆற்றைக் கடந்த அவருடைய 31ஆம் டிவிஷன், சாட்டோ தலைமையில், செங்குத்தான காட்டு மலைகளைத் தாண்டி ஏப்ரல் 4ஆம் தேதி இங்கே வந்து நின்றது. ஏறத்தாழ 15,000 பேர். அந்த வழியாக ஒரு ரெஜிமென்டுக்கு மேல் வராது என்று பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் ஸ்லிம் நம்பியிருந்தார். கோஹிமா மேட்டில் இருந்தவர்களோ சுமார் 2,500 பேர், அதிலும் பலர் சண்டைக்குப் பழகாதவர்கள்.

டெபுடி கமிஷனர் பங்களா இருந்த சரிவுதான் இன்றைக்குக் கல்லறைத் தோட்டம். கீழே சாலையில் ஹாரன் ஓயவில்லை. மேலே அந்தக் கமிஷனரின் டென்னிஸ் மைதானத்தின் கோடுகளை வெள்ளைக் கான்கிரீட்டில் பதித்து வைத்திருக்கிறார்கள். இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்கு நடந்து பார்த்தேன். 24 மீட்டர்கூட இல்லை. அந்த முனையில் ஜப்பானியர், இந்த முனையில் ராயல் வெஸ்ட் கென்ட் படையினரும் அஸ்ஸாம் வீரர்களும், நடுவே பறக்கும் கையெறி குண்டுகள். தண்ணீர் வழி அடைபட்டதால் ஆளுக்கு அரை லிட்டர்தான். விமானத்திலிருந்து போட்ட மூட்டைகளில் சில எதிரி பக்கம் போய் விழுந்தன. ஏப்ரல் 18இல் பஞ்சாப் ரெஜிமென்ட் உள்ளே வந்த பிறகுதான் மேட்டில் இருந்தவர்களுக்கு மூச்சு வந்தது. மைதானம் கைக்கு வர மே நடுப்பகுதி ஆனது, அதுவும் ஒரு டாங்கியை மேலே ஏற்றிக் கொண்டுவந்த பிறகு.

இங்கே 1,420 கல்லறைகள். எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களுக்கு உச்சியில் தனி நினைவிடம். இதே படையெடுப்பில் ஜப்பானியரோடு நேதாஜியின் ஐ.என்.ஏ.வும் வந்தது, பெரும்பாலும் இம்பால் பக்கம். மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த படை அது. ஆக, எதிரெதிரே இரண்டு பக்கமும் நம் ஆட்கள். இந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களான நாகர்களை யாரும் கேட்கவில்லை. ஊர் எரிந்தது, அவர்கள்தான் வழிகாட்டினார்கள், காயம்பட்டவர்களையும் சுமந்தார்கள்.

வீரம் இரண்டு பக்கமும் இருந்தது. தீர்த்துவைத்தது சோறு என்பேன். ஜப்பானியச் சிப்பாய் தோளில் கொண்டுவந்தது மூன்று வார உணவு. மீதியை எதிரியின் கிடங்கில் எடுத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். போதாததற்கு ஆயிரக்கணக்கில் மாடுகளை ஓட்டிவந்தார்கள், பாதி வழியிலேயே பல செத்தன. மே முழுக்க சாட்டோ அரிசி கேட்டார், வரவில்லை. கடைசியில் மேலிடத்து உத்தரவை மீறிப் படையைத் திருப்பினார். ஜூன் 22இல் இம்பால் சாலை திறந்தது. அடுத்த ஆண்டு ஸ்லிமின் படை ரங்கூனை நோக்கிப் போனதற்கு வாசல் இங்கேதான் திறந்தது. ஆனால் அதே 1944 ஜூன் 6இல் நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கிவிட்டனவே, இந்த மலையைப் பற்றி யார் படிப்பார்கள்? பட்டினியும் நோயுமாக, மொத்தப் படையெடுப்பில் சுமார் 30,000 ஜப்பானியர் மடிந்தார்கள்.

சாட்டோவைப் பதவியிலிருந்து தூக்கினார்கள். ராணுவ நீதிமன்றத்தில் நின்று எல்லாவற்றையும் சொல்ல அவர் தயாராக இருந்தார். மனநிலை சரியில்லை என்று எழுதி வாயை அடைத்துவிட்டார்கள். ஸ்லிமும் அவரை மதிக்கவில்லை. கோஹிமாவை ஒரு படையால் மறித்துவிட்டு நேரே திமாப்பூருக்குப் போகத் தெரியாதவர் என்று எழுதினார். சாட்டோவின் முகாம் மீது குண்டு போடலாமா என்று விமானப் படை கேட்டபோது, வேண்டாம், அந்த ஆள் இருப்பது நமக்கு நல்லது என்றாராம்! நீ ஸ்லிம் கட்சிதான் பேசுவாய். எனக்கோ, மிச்சமிருந்தவர்களையாவது வீட்டுக்கு அனுப்பப் பார்த்த சாட்டோதான் பிடிக்கிறது. ஊருக்கு வந்ததும் சண்டை போட்டுக்கொள்வோம். நாளை கிசாமாவில் போர் அருங்காட்சியகம் பார்த்துவிட்டு மலையிறங்குகிறேன். உன் மனைவி கேட்ட ராஜா மிளகாய் வாங்கிவிட்டேன் என்று சொல்.

அன்புடன்,
ரகு